பயிற்சி விளையாட்டின் மதிப்பெண் பதவி உயர்வுக் கோப்புக்குப் போகுமா?

வங்கிகளின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும் பயிற்சிக் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருக்கிறேன். மண்டல அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகளில் இப்போது புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. இணையவழித் திறன் மதிப்பீட்டு விளையாட்டை எல்லோரும் குறித்த தேதிக்குள் ஆடி முடிக்க வேண்டும், முடிக்காதவர்களின் பட்டியல் மேலே அனுப்பப்படும் என்று அதில் இருக்கும். கிளையில் இதைப் படித்ததும், இதில் எதை அளக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதிகாரிகள், "ஏ.பி.ஏ.ஆருக்குப் போகுமா சார்?" என்கிறார்கள். பதவி உயர்வுக்குப் பார்க்கும் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கைதான் அது. கிளார்க்குகள், "டிரான்ஸ்ஃபர்ல பார்ப்பாங்களா?" என்கிறார்கள். நீங்கள் அனுப்பும் தாளில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. பதில் இல்லாததால் என்னென்ன கெட்டுப்போகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

இந்த விளையாட்டுகளை எடுத்துவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. இதற்கு முன்னால் இருந்த இணையவழிப் பாடமும் தேர்வும் எப்படி நடந்தன என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சாயங்காலம் கேஷ் டேலி ஆனதும், புதிதாகச் சேர்ந்த பி.ஓ. (பயிற்சி நிலை அதிகாரி) தம்பி எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வார். ஒவ்வொருவர் கணக்கிலும் நுழைந்து "நெக்ஸ்ட்", "நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போவார். கடைசியில் வரும் பத்துக் கேள்விகளுக்கு விடை வாட்ஸ்அப் குழுவில் முன்பே வந்திருக்கும். மோசடித் தடுப்பில் கிளை முழுவதும் நூற்றுக்கு நூறு. கஸ்டமர் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கற்பிக்கும் பாடத்தையே இப்படித்தான் முடித்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

விளையாட்டில் அந்த வித்தை அவ்வளவு சுலபமாகப் பலிப்பதில்லை. நான் ஆடியதில் மனதில் நின்ற கட்டம் ஒன்றைச் சொல்கிறேன். திரையில் ஒரு கவுண்டர், எதிரே ஏழெட்டுப் பேர் வரிசை. எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எஃப்.டி. ரசீதை நீட்டுகிறார். உடனே முறித்து, முழுத் தொகையையும் வடமாநிலத்தில் உள்ள ஒரு கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். செய்யச் சொல்கிறார். செல்போனைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறார். நாம் படிவத்தைக் கொடுக்கலாம். அவருடைய பழைய வரவு செலவைப் பார்க்கலாம். எதற்குப் பணம் என்று கேட்கலாம். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். மேலாளரைக் கூப்பிடலாம். காரணம் கேட்டால், "என் பணம், நான் எடுக்கிறேன். உனக்கென்ன?" என்று சீறுகிறார். வரிசையில் பின்னாலிருந்து ஒருவர், "லஞ்ச் டைம் ஆகப்போகுது சார்" என்கிறார். உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தால்தான் போன் மேசைக்கு வருகிறது. அதில் அழைப்பு ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிகிறது.

போலீஸ் என்று சொல்லி, போனிலேயே கைது செய்திருப்பதாக மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அந்த டிஜிட்டல் அரெஸ்ட் எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதைத் தேர்வில் கேட்டால் எங்கள் ஊழியர் அத்தனை பேரும் சரியாக எழுதுவார்கள். வரிசை நெருக்கும்போது, வாடிக்கையாளரே கோபப்படும்போது அந்த அறிவு கைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. கள்ள நோட்டுக் கட்டத்திலும் இதே கதைதான். ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள் வரை இருந்தால் மாதாந்திர அறிக்கையில் சேர்த்துக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் எஃப்.ஐ.ஆர். போடவைக்க வேண்டும் என்ற விதியைக் கேட்க விளையாட்டே வேண்டாம், ஒரு வரிக் கேள்வி போதும். ஆனால் தினமும் பணம் கட்ட வரும் மளிகைக் கடைக்காரர், "அண்ணே, அந்த ஒத்தைத் தாளைக் கொடுத்துடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் கேட்கும்போது, முத்திரை குத்தி, ரசீது எழுதிக் கொடுத்து, தாளைத் திருப்பித் தராமல் இருக்க ஒரு திடம் வேண்டும். அதை வினாத்தாளில் பார்க்க முடியாது.

இது எப்படி அளக்கிறது என்று என் சகாக்களில் பலருக்கு யாரும் சொல்லவில்லை. இறுதியில் வரும் மதிப்பெண்ணைத்தான் கணினி பார்க்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் நாம் தொடும் ஒவ்வொரு பொத்தானும், தொட்ட வரிசையும், இடையில் விட்ட நேரமும், மனம் மாறித் திரும்பிப் போனதும் பதிவாகின்றன. அமெரிக்காவின் ஈ.டி.எஸ். தேர்வு நிறுவனத்தில் ராபர்ட் மிஸ்லெவியும் அவருடைய சகாக்களும் வகுத்து 2003-இல் விரிவாக எழுதிய முறை ஒன்று இதற்கெல்லாம் அடித்தளம். முதலில், எந்தத் திறனைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று வரையறுக்க வேண்டும். அடுத்து, அந்தத் திறன் இருப்பவர் என்ன செய்வார், இல்லாதவர் என்ன செய்வார் என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தச் செய்கை வெளிப்படும்படி ஒரு சூழலை உருவாக்க வேண்டும். ஆசிரியையின் கணக்கு வரலாற்றைப் படிவம் கொடுப்பதற்கு முன்பே திறந்தவருக்கு "சந்தேகத்தைச் சரிபார்த்தல்" என்ற திறன் இருப்பதற்கான நிகழ்தகவு கொஞ்சம் ஏறும். கொடுத்த பிறகு திறந்தால் குறைவாக ஏறும். இப்படிச் சின்னச் சின்னச் சான்றுகளைக் கோத்துத்தான் "இவர் இந்தத் திறனில் இந்த நிலையில் இருக்கிறார்" என்ற வரி கடைசியில் வருகிறது. அந்த வரி ஓர் ஊகம், அவ்வளவுதான். நல்ல ஊகமாக இருக்கலாம். ஆனால் எங்களுக்கு வரும் அறிக்கையில் ஊகத்தின் சாயலே இருப்பதில்லை. பத்துக்கு 6.4 என்று புள்ளி வைத்துப் போட்டுவிடுகிறார்கள்.

விளையாட்டுக்குள் அளவுகோலை மறைத்துவைக்கும் இந்த வழியை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வேலரி ஷூட். மாணவர்கள் திரையில் சாய்தளமும் நெம்புகோலும் வரைந்து ஒரு பச்சைப் பந்தைச் சிவப்புப் பலூனில் மோதவைக்கும் இயற்பியல் விளையாட்டை வைத்து அவர் செய்த ஆய்வுகள் இத்துறையில் பேர்போனவை. மாணவன் எங்கே தடுமாறுகிறான் என்று தெரிந்தால் அங்கே கைகொடுக்கலாம் என்பதே அவர் நோக்கம். ஆட்டம் நின்று தேர்வு தொடங்குகிறது என்ற பதற்றம் மாணவனுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் அளவுகோலை மறைத்தார். அந்த மறைவை எங்கள் மேல் பிரயோகிக்கும்போது நோக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாமா?

திறனை அளப்பது என்ற பேச்சே புதிதல்ல. அறிவுக்கூர்மைத் தேர்வுகளைக் கட்டி அழுவதை விட்டு, வேலைக்கு வேண்டிய திறனைப் பாருங்கள் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் எழுதியது 1973-இல். நம் நாட்டில் 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மிஷன் கர்மயோகி என்ற பயிற்சித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, அரசு ஊழியர் பயிற்சியும் விதியை மனப்பாடம் செய்வதிலிருந்து பணிக்கு வேண்டிய திறன் என்ற பக்கம் திரும்பியது. இன்று வங்கிகளில் நடப்பதும் அதே காற்றுதான். அதற்கும் வெகு முன்னால், 1950-களிலேயே, ஒரு மேலாளரின் மேசையில் குவிந்திருக்கும் கடிதங்களையும் குறிப்புகளையும் கொடுத்து, எதை முதலில் எடுக்கிறார் என்று பார்க்கும் பயிற்சியை அமெரிக்க விமானப்படைக்காக உருவாக்கினார்கள். இன்றைய திரை விளையாட்டுக்கு அதுதான் தாத்தா.

அந்தக் காலத்து முயற்சிகளில் ஒன்றை நீங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1956-இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் டக்ளஸ் பிரே என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 400-க்கும் மேற்பட்ட இளம் ஊழியர்களை அழைத்து, மேசைக் காகிதப் பயிற்சி, குழு விளையாட்டு, நேர்காணல் எல்லாம் வைத்து, இவர் நடு நிலை நிர்வாகியாக உயர்வாரா மாட்டாரா என்று கணித்து எழுதினார்கள். எழுதிய கணிப்பைப் பூட்டி வைத்துவிட்டார்கள். அந்த ஊழியரின் மேலதிகாரிக்கும் காட்டவில்லை, பதவி உயர்வுக் குழுவுக்கும் காட்டவில்லை. ஆண்டுகள் கழித்து யார் யார் உயர்ந்தார்கள் என்று பார்த்து, பழைய கணிப்போடு ஒப்பிட்டார்கள். கணிப்பு பெருமளவு பொருந்தியது. பூட்டி வைத்ததால்தான் அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பு. வெளியே விட்டிருந்தால், நல்ல மதிப்பெண் வாங்கியவர் என்பதாலேயே அவரைத் தூக்கிவிட்டிருப்பார்கள். பிறகு தேர்வு பலித்துவிட்டது என்று தேர்வுக்கே மாலை போட்டிருப்பார்கள். உங்களிடம் விளையாட்டை விற்க வரும் நிறுவனம் "எங்கள் மதிப்பெண் வேலைத் திறமையோடு பொருந்துகிறது" என்று படம் போட்டுக் காட்டும்போது, அந்த மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு மேலதிகாரி போட்ட மதிப்பீட்டோடு பொருந்துகிறதா, பார்க்காமல் போட்டதோடு பொருந்துகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி, மதிப்பெண் எங்கே போகும் என்று தெரியாதபோது கிளையில் நடப்பதைச் சொல்கிறேன்.

பயிற்சி விளையாட்டின் அழகே தோற்றுப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஆசிரியைக்குப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் அவர் மகன் வந்து நிற்கும் காட்சி வரும். பணம் போன கணக்கு சில மணி நேரத்தில் பல கணக்குகளாகப் பிரிந்து போனதைத் திரை காட்டும். ஒரு தடவை பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார். ஆனால் இது ஏ.பி.ஏ.ஆருக்குப் போகலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டால் யார் வேண்டுமென்றே தோற்பார்கள்? பக்கத்துக் கிளையில் முதலில் ஆடியவரைப் போன் போட்டுக் கேட்டு, அவர் தொட்ட பொத்தானையே தொட்டு முடிக்கிறார்கள். பழையபடி வாட்ஸ்அப் குழுவில் "மூணாவது சீன்ல முதல்ல ஹிஸ்டரி, அப்புறம் மேனேஜர்" என்று வரத் தொடங்கிவிட்டது. இத்தனை செலவு செய்து நீங்கள் ஒழித்த "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

அளவுகோலிலும் கோணல் இருக்கிறது. எங்கள் கேஷில் ஒரு மூத்த அம்மா இருக்கிறார். இன்னும் சில வருஷத்தில் ஓய்வு. விளையாட்டில் வந்த மாதிரியே ஒரு பெரியவர் நிஜமாக வந்தபோது, அவசரப்படாமல், பேரன் பேத்தி பற்றியெல்லாம் விசாரித்துப் பேச்சை இழுத்து, அவரை என் அறைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தவர் அவர்தான். அவருக்கு விளையாட்டு கொடுத்த சான்றிதழில் "முடிவெடுக்கும் வேகம்: மேம்பாடு தேவை" என்று இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்த உரையாடலை அவர் படித்துப் புரிந்துகொள்ள எடுத்த நேரமும் அந்த வேகக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மாலை ஏழு மணிக்கு வீட்டில், பழைய செல்போனில், மெதுவான இணையத்தில் ஆடியதும் சேர்ந்திருக்கிறது. தமிழ் பேசும் வாடிக்கையாளரிடம் தமிழில் பேசி ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் திறனை இந்தியில் அளந்துவிட்டு, குறைவு என்று எழுதுவது என்ன நியாயம்? கவுண்டரில் நிதானம்தான் அந்த அம்மாவின் தொழில் திறமை. அதையே குறையாக எழுதி அனுப்பியிருக்கிறது இயந்திரம். பயிற்சிக்கு மட்டும் என்றால், "அம்மா, இதை விடுங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். கோப்பில் சேர்ந்துவிட்டால் யார் அழிப்பது?

சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பார்வை உள்ளவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருப்பார்கள். பல விளையாட்டுகளில் ஆபத்துக்குச் சிவப்பு, பாதுகாப்புக்குப் பச்சை, வேறு அடையாளம் இல்லை. கையில் நடுக்கம் உள்ளவர், திரைவாசிப்பான் வைத்து வேலை செய்யும் பார்வையற்ற சகா, இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியாததல்ல.

சூழல் விளையாட்டுகளைப் பற்றி இவ்வளவு. இன்னொரு வகையும் உள்ளே நுழைகிறது, அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பலூன் ஊதும் விளையாட்டு. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் காசு சேரும். எந்த நேரமும் வெடிக்கலாம், வெடித்தால் அந்தப் பலூனில் சேர்ந்த காசு போச்சு. இதை 2002-இல் கார்ல் லெஜுவேஸும் சகாக்களும் ஓர் உளவியல் சோதனையாக வெளியிட்டார்கள். அழுத்தலுக்கு 5 சென்ட், மூன்று நிறப் பலூன்கள், எந்த நிறம் எப்போது வெடிக்கும் என்று ஆடுபவருக்குச் சொல்வதில்லை. புகைப்பழக்கம், போதைப்பழக்கம் போன்ற துணிச்சல் நடத்தைகளோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்பதற்கான ஆய்வுக் கருவி அது. பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அதைத் தங்கள் விளையாட்டுத் தொகுப்பில் சேர்த்தன. ஒருவர் திரையில் எத்தனை முறை பலூன் ஊதினார் என்பதை வைத்து, அவர் கடன் விண்ணப்பத்தில் எவ்வளவு துணிவார் என்று எழுதுவதற்குப் பெரிய தாவல் வேண்டும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டதை வைத்து ஒருவர் கோயம்பேட்டில் பஸ் ஓட்டுவார் என்று சொன்னாலாவது இரண்டிலும் வண்டி இருக்கிறது. இதில் அதுவும் இல்லை. சொந்தக் காசு போகாத பலூனுக்கும், கையெழுத்துப் போட்டால் நாளை விசாரணைக்குப் போக வேண்டிய கடன் கோப்புக்கும் நடுவில் ஒரு வங்கி ஊழியனின் வாழ்க்கையே இருக்கிறது.

கேமரா வைத்து முகபாவத்தைப் படிப்பதாகச் சொல்பவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வீடியோ நேர்காணலில் முகத்தை அலசிவந்த ஹயர்வியூ நிறுவனமே 2021 ஜனவரியில் அதைக் கைவிட்டதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு 2025 பிப்ரவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு.

முன்னணிப் பட்டியலை எடுத்துவிடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்டலத்தில் முதல் பத்துக் கிளைகள் என்று படம் போட்டு அனுப்புவது உற்சாகத்துக்காக என்பது புரிகிறது. 2011-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஓட்டல்களின் சலவைக் கூடத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் வேகத்தையும் பெயரோடு பெரிய திரையில் காட்டினார்கள். இலக்கை எட்டினால் பச்சை, தவறினால் சிவப்பு. தொழிலாளர்கள் அதற்கு மின்னணுச் சாட்டை என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மண்டலக் குழுவில் கடைசிப் பத்துக் கிளைகளின் பட்டியலும் வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நானும் நம்பியிருந்திருப்பேன், படிக்காமல் இருந்தால். 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் தரவை அவர் ஒப்புதல் இல்லாமலே முதலாளி கையாள இடம் தருகிறது. ஆக, என் விளையாட்டுப் பதிவு எங்கே போகலாம், போகக் கூடாது என்ற கேள்வி பெரும்பாலும் உங்கள் மேசையில்தான் நிற்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாததை நீங்களாகவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

என்ன எழுத வேண்டும்? பயிற்சிக்காக ஆடும் விளையாட்டின் பதிவு ஊழியருக்கும் பயிற்சிக் கல்லூரிக்கும் மட்டும் தெரியும், கிளை மேலாளரான எனக்குக்கூட ஆள்வாரியாக வராது, என் கிளைக்கு எந்தப் பயிற்சி தேவை என்ற தொகுப்பு மட்டும் வரும் என்று எழுதுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு ஆள்வாரிப் பதிவு அழிக்கப்படும் என்று தேதி போடுங்கள். பதவி உயர்வுக்கு விளையாட்டு வேண்டும் என்றே முடிவு செய்தால், அதற்குத் தனி விளையாட்டு, தனி நாள், முன்கூட்டியே அறிவிப்பு, எந்தத் திறனை எந்தச் செய்கையால் அளக்கிறீர்கள் என்ற விளக்கம், மேல்முறையீட்டுக்கு ஒரு மனிதர், இவ்வளவும் இருக்கட்டும். அதையும் முதலில் பிரே செய்த மாதிரி சில காலம் பூட்டி வைத்து, தணிக்கைக் குறிப்புகளோடும் வாடிக்கையாளர் புகார்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் வங்கிகளில் ஒப்பிட வேண்டிய தரவுக்கா பஞ்சம்? தமிழ்நாட்டில் தமிழில் ஆடட்டும். வேலை நேரத்தில், கிளைக் கணினியில், கவுண்டருக்கு மாற்று ஆள் போட்டு ஆடட்டும். கடிகாரம் அந்தச் சூழலுக்குத் தேவையான இடத்தில் மட்டும் ஓடட்டும். தீ எச்சரிக்கை மணி அடிக்கும்போது நொடிக்கணக்கு நியாயம். முதியவர் எஃப்.டி.யை முறிக்க வரும்போது வேண்டாம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு பேச்சு வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990-இல் நான்கு படிகளைச் சொன்னார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், வேலையில் செய்வார். விளையாட்டு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் மூன்றாம் படியோடு நின்றுவிடும். நான்காவதுக்கு, ஆடி முடித்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து "நீ ஏன் மேனேஜரைக் கூப்பிடலை?" என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். பழைய பயிற்சிக் கல்லூரியில் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். ஆனால் டீ இடைவேளையில் நடந்த பேச்சில்தான் நாங்கள் தொழில் கற்றோம். அந்த டீ இடைவேளையைத் திரைக்கு வெளியே எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். கிளையில் வாரம் ஒரு அரை மணி போதும், நானே நடத்துகிறேன்.

எங்கள் கிளையில் இன்னும் சிலர் ஆடி முடிக்கவில்லை. கடைசித் தேதி நெருங்குகிறது, நினைவூட்டல் மின்னஞ்சல் தினமும் வருகிறது. இந்த மதிப்பெண்ணை யார் யார் பார்ப்பார்கள் என்று ஒரே ஒரு வரி உங்கள் அடுத்த சுற்றறிக்கையில் வரட்டும். அது வரும்வரை அவர்களை நெருக்குவதாக இல்லை. முடிக்காதவர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு கிளை மேலாளர்